எச். ஜி. வெல்ஸ்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 – ஆகஸ்ட் 13, 1946) ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் ஆவார். எச். ஜி. வெல்ஸ் என்ற பெயரால் பரவலாக அறியப்படும் இவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்னுடன் சேர்த்து அறிவியல் புனைகதையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். கால இயந்திரம், கண்ணுக்குப் புலப்படாத மனிதன், உலகங்களின் போர் ஆகியவை இவருடைய புகழ்பெற்ற புதினங்கள். வரலாறு, உயிரியல், அரசியல் ஆகிய துறைகளிலும் பல நூல்களை எழுதியுள்ளார்.

வெல்ஸ் முன்னோடியாக விளங்கிய மற்றொரு துறை பலர் அறியாதது. பொம்மைப் படைவீரர்களைத் தரையிலோ மேசையிலோ அணிவகுத்து, நண்பர்கள் எதிரெதிராக நின்று ஆடும் போர் விளையாட்டுக்கு 1913 ஆம் ஆண்டில் இவர் விதிநூல் ஒன்றை எழுதினார். சிறு போர்கள் (லிட்டில் வார்ஸ்) என்னும் அந்நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைப் போரை விரும்பி உண்மைப் போரை வெறுத்த இவருடைய கருத்துகள் அதன்பின் பலமுறை மாறின.

பிறப்பும் இளமையும்

வெல்ஸ், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அப்போது இருந்த புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ், தாய் சாரா நீல். இவர் அவர்களுடைய நான்காவதும் கடைசியுமான குழந்தை. தந்தை முன்பு தோட்டக்காரராகவும் தாய் பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாகவும் இருந்தவர்கள். பின்னர் புரோம்லியில் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் கருவிகளும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினர். கடையில் வருமானம் குறைவு. தந்தை தொழில்முறைக் கிரிக்கெட் வீரராகவும் இருந்ததால் அதிலிருந்து கிடைத்த பணம் குடும்பத்துக்கு உதவியது. கென்ட் அணிக்காக 1862 ஆம் ஆண்டில் சசெக்ஸ் அணிக்கு எதிராகப் பந்து வீசிய ஜோசப் வெல்ஸ், அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு இலக்குகளை வீழ்த்தினார்.

1874 இல் ஏற்பட்ட விபத்தொன்றில் சிறுவன் வெல்சின் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த வாரங்களில் தந்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்த நூல்களைப் படித்தார். வாசிப்புப் பழக்கம் தமக்கு இவ்வாறே ஏற்பட்டது என வெல்ஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். 1877 இல் தந்தையின் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருமானம் அத்துடன் நின்றுபோனது.

பதின்மூன்று வயதளவில் தனியே உலாவச் செல்லும்போது, புரோம்லியைச் சுற்றியுள்ள மேடுகளிலும் வெளிகளிலும் பெரும் படைகளை நடத்திச் சென்று வெற்றி பெறுவதாகக் கற்பனை செய்துகொள்வது இவர் வழக்கம். இந்தச் சிறுவயதுக் கனவுகளைப் பற்றி இவர் 55 ஆண்டுகளுக்குப் பிறகு தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதினார்.

துணிக்கடைப் பயிற்சி

1880 இல் தாய் சாரா, சசெக்சில் உள்ள அப்பார்க் என்னும் மாளிகையில் வீட்டு மேற்பார்வையாளராக வேலையில் சேர்ந்தார். பணியாளர் குடியிருப்பில் கணவருக்கு இடமில்லாததால் குடும்பம் பிரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துணிக்கடைகளுக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டனர். வெல்ஸ் முதலில் வின்ட்சரில் ஒரு துணிக்கடையிலும், 1881 முதல் 1883 வரை சவுத்சீயில் மற்றொரு துணிக்கடையிலும் பயிலுநராக இருந்தார். நாளொன்றுக்கு 13 மணி நேர வேலை. இரவில் மற்றப் பயிலுநர்களுடன் ஒரே கூடத்தில் உறக்கம். இந்த அனுபவங்களே பின்னர் கிப்ஸ் (1905), மிஸ்டர் பாலியின் வரலாறு (1910) ஆகிய புதினங்களுக்கு அடிப்படையாயின.

தாயைக் காணச் செல்லும் நாட்களில் அப்பார்க் மாளிகையின் நூல்களைப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பிளேட்டோவின் குடியரசு, ஸ்விப்டின் கலிவரின் பயணங்கள் ஆகியவற்றை அக்காலத்தில் படித்தார். 1883 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவுத்சீயிலிருந்து ஏறத்தாழ 17 மைல் நடந்து அப்பார்க்கை அடைந்து, பயிற்சி ஒப்பந்தத்தை முறித்துவிடுமாறு தாயிடம் வேண்டினார். முன்பணம் கட்டிச் செய்த ஒப்பந்தம் என்பதால் தாய் தயங்கினாலும் முடிவில் இசைந்தார்.

கல்வி

மிட்ஹர்ஸ்ட் இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியர் ஹொரஸ் பயாட், வெல்சை மாணவ ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே தாமும் தேர்வுகள் எழுதிய வெல்ஸ், 1884 இல் இலண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் ஆசிரியர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் பெற்றார். வாரத்துக்கு 21 ஷில்லிங் வழங்கப்பட்டது. முதலாண்டில் அங்கு உயிரியல் கற்பித்தவர், டார்வினின் கூர்ப்புக் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் என்றி அக்சுலி. உயிரினங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, மனித இனமும் இதற்கு விலக்கன்று என்னும் கருத்து வெல்சின் எழுத்து முழுவதிலும் காணப்படுகிறது.

பிற்பகுதியில் விவாதக் கழகத்திலும் மாணவர் இதழிலும் ஆர்வம் செலுத்தியதால் 1887 இல் நிலவியல் பாடத்தில் தேறவில்லை. பட்டம் பெறாமலே வெளியேறி, வேல்சில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். அங்கு காற்பந்தாட்டத்தில் சிறுநீரகத்தில் பலத்த அடிபட்டது. தொடர்ந்து நுரையீரலில் இரத்தக்கசிவும் ஏற்பட்டது. உடல்நலக் குறைவு பல ஆண்டுகள் நீடித்தது. 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். இலண்டனில் இவர் கற்பித்த சிறுவர்களுள் பின்னாளில் வின்னி த பூ கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்னும் ஒருவர்.

வெல்ஸ் 1891 இல் உறவினரான இசபெல் மேரி வெல்சை மணந்தார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1895 இல் தம் மாணவியாக இருந்த ஏமி கேத்தரின் ராபின்சை மணந்தார். இவரை வெல்ஸ் ஜேன் என்று அழைத்தார்.

அறிவியல் புனைகதைகள்

1895 இல் வெளிவந்த கால இயந்திரம் வெல்சுக்குப் பெரும் புகழைத் தந்தது. கருவி ஒன்றின் துணையுடன் காலத்தினூடே விரும்பியபடி பயணம் செய்யலாம் என்னும் கருத்தை இந்நூலே பரவலாக்கியது. இதைத் தொடர்ந்து டாக்டர் மோரோவின் தீவு (1896), கண்ணுக்குப் புலப்படாத மனிதன் (1897), உலகங்களின் போர் (1898), நிலவில் முதல் மனிதர்கள் (1901) ஆகியவை வெளிவந்தன.

உலகங்களின் போர், செவ்வாய்க் கோளிலிருந்து வருவோர் இங்கிலாந்தைத் தாக்குவதைச் சொல்லும் கதை. அவர்கள் மூன்று கால்களால் நடக்கும் உயர்ந்த இயந்திரங்களில் வந்து, வெப்பக் கதிராலும் நச்சுப் புகையாலும் ஊர்களை அழிக்கின்றனர். மனிதரின் பீரங்கிகள் அவர்களைத் தடுக்கப் போதுமானவையாக இல்லை. இறுதியில் பூமியின் நுண்ணுயிரிகளை எதிர்க்கும் ஆற்றல் இன்றி அவர்கள் மடிகின்றனர். இக்கதையை எழுதியபோது வெல்ஸ், வோக்கிங் என்னும் ஊரில் வசித்தார். மிதிவண்டியில் சுற்றித் திரிந்து, எந்தெந்த இடத்தைச் செவ்வாய்வாசிகள் அழிக்க வேண்டும் எனக் குறித்துவைத்தார். தாசுமேனியாவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததைப் பற்றித் தமையன் பிராங்குடன் நடந்த உரையாடலே கதைக்கு வித்திட்டது. பேரரசின் தலைநகரில் வாழும் வாசகர்கள், தாக்கப்படும் குடிகளின் நிலையில் தங்களை வைத்துப் பார்க்குமாறு இந்நூல் செய்தது.

1903 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் வெளியான நிலத்துப் போர்க்கப்பல்கள் என்னும் சிறுகதையில், 80 முதல் 100 அடி நீளமுள்ள கவச வண்டிகள் பதுங்குகுழிகளைக் கடந்து எதிரிப் படையை முறியடிக்கின்றன. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் பிரித்தானியப் படை முதன்முறையாகப் பீரங்கி வண்டிகளைப் பயன்படுத்தியபோது பலரும் இக்கதையை நினைவுகூர்ந்தனர். 1908 இல் வந்த வான்வெளியில் போர் என்னும் புதினம், வான்கலங்கள் நகரங்களின் மீது குண்டு வீசுவதை விவரித்தது.

தரை விளையாட்டுகள்

உடல்நலம் தேறும் பொருட்டுக் கடற்கரைப் பகுதிக்குச் சென்ற வெல்ஸ், சாண்ட்கேட் என்னும் ஊரில் வீடு கட்டினார். கட்டடக் கலைஞர் சி. எப். ஏ. வாய்சி வடிவமைத்த ஸ்பேட் இல்லத்தில் 1901 முதல் 1909 வரை குடும்பத்துடன் வசித்தார். ஜார்ஜ் பிலிப் (பிறப்பு 1901), பிராங்க் ரிச்சர்ட் (பிறப்பு 1903) ஆகிய இரு மகன்களும் இக்காலத்தில் பிறந்தனர்.

பிள்ளைகளுடன் தரையில் அமர்ந்து விளையாடுவதில் வெல்ஸ் மிகுந்த விருப்பம் உடையவர். அவ்விளையாட்டுகளை விவரிக்கும் தரை விளையாட்டுகள் (புளோர் கேம்ஸ்) என்னும் சிறு நூலை 1911 இல் வெளியிட்டார். மரக்கட்டைகள், பலகைகள், பொம்மைகள் ஆகியவற்றைக் கொண்டு தீவுக் கூட்டங்களை அமைத்து அங்கு கப்பல்களைச் செலுத்துவது ஒரு விளையாட்டு. நகரங்களைக் கட்டி ஆள்வது மற்றொன்று. கடைகளில் விற்கும் பொம்மை மனிதர்களுள் பெரும்பாலோர் படைவீரர்களாகவே இருப்பதாகவும், நகரத்துக்கு வேண்டிய பொதுமக்கள் பொம்மைகள் கிடைப்பது அரிது எனவும் இந்நூலில் குறைபட்டுக்கொண்டார்.

பிற்காலத்தில் குழந்தை உளமருத்துவர் மார்கரெட் லோவன்பெல்டு, இந்நூலின் தூண்டுதலால் ஒரு மருத்துவ முறையை உருவாக்கினார். மணல் தட்டும் சிறு பொம்மைகளும் கொண்டு குழந்தை தன் உலகை அமைத்துக் காட்டும் முறை அது. சொல்லால் வெளிப்படுத்த இயலாத அச்சங்களையும் எண்ணங்களையும் அறிய அது பயன்பட்டது.

சிறு போர்கள்

தோற்றம்

பொம்மைப் படைவீரர்களைக் கொண்ட விளையாட்டு இங்கிலாந்தில் முன்பே இருந்தது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தபோது, மனைவியின் முதல் மணத்து மகனுடன் இவ்வாறு விளையாடியுள்ளார். பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கிரிக்ஸ்பீல் என்னும் வரைபடப் போர்ப் பயிற்சியும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வழக்கில் இருந்தது. அது விதிகள் மிகுந்தது, நடுவர் ஒருவர் வேண்டியது, பொதுமக்களுக்கு எட்டாதது.

1893 இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம், உட்புறம் வெற்றிடமாக இருக்குமாறு ஈயக் கலவையை வார்த்துப் படைவீரர் பொம்மைகளைச் செய்யத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை குறைந்தது. ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இப்பொம்மைகள் கையால் வண்ணம் பூசப்பட்டே விற்பனைக்கு வந்தன. அதே நிறுவனத்தின் பொம்மைப் பீரங்கி ஒன்று, சுருள்வில்லின் விசையால் ஓர் அங்குல நீளமுள்ள மரத்துண்டைச் செலுத்தக்கூடியது. ஒன்பது கெசத் தொலைவில் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது முறை வீழ்த்தும் அளவுக்கு அது துல்லியமாக இருந்தது என வெல்ஸ் எழுதியுள்ளார்.

சாண்ட்கேட் இல்லத்தில் ஒரு நாள் மதிய உணவுக்குப் பின், விருந்தினராக வந்த நண்பர் ஒருவர் அப்பீரங்கியால் தரையில் கிடந்த படைவீரரைக் குறிவைத்துச் சுட்டார். வெல்ஸ் இவரைப் பெயரின் முதலெழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறார். அவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் எனக் கருதப்படுகிறது. ஒருவரையொருவர் விஞ்ச முயன்று தொடங்கிய இக்குறிபார்த்தல், கலைக்களஞ்சியத் தொகுதிகளை மலைகளாக அடுக்கி, படைகளை நகர்த்தி ஆடும் போராக வளர்ந்தது. தென்னாப்பிரிக்கப் போரிலிருந்து திரும்பிய படை அதிகாரி ஒருவரும் விதிகளைச் சீர்செய்வதில் உதவினார்.

விதிகள்

சிறு போர்கள் நூல் 1913 இல் இலண்டனில் பிராங்க் பால்மர் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. நிழற்படங்களை ஜேன் வெல்ஸ் எடுத்தார். பக்க ஓரங்களில் ஜே. ஆர். சின்கிளேரின் சிறு ஓவியங்கள் இடம்பெற்றன. பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள சிறுவர்களுக்கும், அவர்களுடைய விளையாட்டுகளை விரும்பும் சிறுமியருக்கும் உரியது என நூலின் நீண்ட தலைப்பு வேடிக்கையாக அறிவிக்கிறது. முதன்மையான விதிகள் வருமாறு:

- நாணயம் சுண்டித் தெரிவு செய்யப்படும் ஒருவர், மரக்கட்டை வீடுகள், குச்சி மரங்கள், மேடுகள் ஆகியவற்றால் போர்க்களத்தை அமைப்பார். எந்தப் பக்கத்தில் நின்று போரிடுவது என்பதை மற்றவர் முடிவு செய்வார்.
- களத்தின் நடுவே திரை ஒன்று இடப்படும். இரு தரப்பாரும் எதிராளி காணாதவாறு படைகளை நிறுத்திய பின் திரை விலக்கப்படும்.
- ஒரு நகர்வில் காலாட்படை ஓரடியும் குதிரைப்படை இரண்டடியும் செல்லலாம்.
- ஒரு முறையில் பீரங்கி நகரலாம் அல்லது நான்கு முறை சுடலாம். இரண்டையும் செய்ய இயலாது. ஆறு அங்குலத்துக்குள் தம் தரப்பு வீரர் நால்வராவது இருந்தால்தான் பீரங்கியை இயக்க முடியும்.
- முப்பது வீரருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் நகர்த்தும் நேரம் வரையறுக்கப்படும்.
- இரு தரப்பு வீரர்கள் நேருக்கு நேர் மோதும்போது ஒருவருக்கு ஒருவர் என இரு பக்கமும் வீழ்வர். துணைப்படை இன்றித் தனித்துவிடப்பட்ட சிறு குழு, தன்னைவிடப் பெரிய குழுவிடம் சிறைப்படும்.

தாயக்கட்டைக்கு இவ்விளையாட்டில் இடமில்லை. பீரங்கிக் குண்டு பொம்மையைத் தட்டினால் பொம்மை விழும்; தவறினால் நிற்கும். நேர வரையறை இருந்ததால் நெடுநேரம் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. பரபரப்பில் நல்ல திட்டம் குலைவதும், மறந்துபோன ஒரு குதிரைப்படை களத்தின் மூலையில் பயனின்றி நிற்பதும் இயல்பாக நேர்ந்தன.

நூலின் நோக்கம்

விதிகளையும், ஆடப்பட்ட போர் ஒன்றின் விவரிப்பையும் அடுத்து, நூலின் இறுதிப் பகுதியில் வெல்ஸ் உண்மைப் போரைப் பற்றிப் பேசுகிறார். பொம்மைப் போரில் யாரும் உடல் சிதைவதில்லை, வீடுகள் இடிவதில்லை, போரை விரும்புவோர் தம் விருப்பத்தை இவ்வாறே தீர்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். மூன்று நான்கு முறை இதை ஆடிப் பார்ப்பவர், சிறிய களத்திலேயே எவ்வளவு தவறுகள் நேர்கின்றன என்பதைக் கண்டு, பெரும் போர் எத்துணை மடமையானது என உணர்வார் எனவும் அவர் கருதினார். நூலின் பிற்சேர்க்கையில், படைத்துறையினர் தம் பயிற்சிக்கு இவ்விளையாட்டைப் பயன்படுத்தும் வழிகளும் கூறப்பட்டன. போரை எள்ளும் பகுதியும் படைத்துறைக்கு உதவும் பகுதியும் ஒரே நூலில் அமைந்துள்ளன.

முதல் உலகப் போர்

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரித்தானியா போரில் இறங்கியது. எழுத்தாளர் ரெபேக்கா வெஸ்டுக்கும் வெல்சுக்கும் மகனாக அந்தோனி வெஸ்ட் பிறந்ததும் அதே நாளில்தான்.

ஓராண்டுக்கு முன் போரை மடமை என எழுதிய வெல்ஸ், இப்போது போரை ஆதரித்தார். ஜெர்மனியின் படைவெறியை ஒழித்துவிட்டால் உலகில் இனிப் போரே இராது என நம்பினார். இவ்வெண்ணத்துடன் எழுதிய கட்டுரைகள், போரை முடிவுக்குக் கொண்டுவரும் போர் என்னும் பொருள் தரும் தலைப்பில் 1914 இல் நூலாயின. அத்தலைப்பு விரைவில் மக்கள் வழக்கில் இடம்பெற்று, பிற்காலத்தில் ஏளனத்துடன் ஆளப்படும் தொடராக மாறியது. செப்டம்பர் 1914 இல் அரசின் பரப்புரைப் பணிக்காகச் சார்லஸ் மாஸ்டர்மேன் கூட்டிய எழுத்தாளர் கூட்டத்திலும் வெல்ஸ் பங்கேற்றார்.

பொம்மைப் பீரங்கியை முதலில் சுட்டவராகக் கருதப்படும் ஜெரோம், வயது காரணமாகப் பிரித்தானியப் படையில் சேர்க்கப்படவில்லை. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த அவர், பிரெஞ்சுப் படையில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநராகப் பணியாற்றி, மனமுடைந்து திரும்பினார்.

1916 இல் வெல்ஸ் இத்தாலி, பிரான்சு நாடுகளின் போர்முனைகளை நேரில் கண்டார். அதே ஆண்டில் வெளிவந்த மிஸ்டர் பிரிட்லிங் என்னும் புதினம், போரைத் தொலைவிலிருந்து ஆதரிக்கும் எழுத்தாளர் ஒருவரின் கதை. அவருடைய மகன் போரில் இறக்கிறான். அவ்வீட்டில் முன்பு ஆசிரியராக இருந்த ஜெர்மானிய இளைஞனும் எதிர்த்தரப்பில் போரிட்டு இறக்கிறான். தந்தை, அந்த இளைஞனின் பெற்றோருக்குக் கடிதம் எழுத முற்படுவதுடன் கதை முடிவை நெருங்குகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்புதினம் பெருமளவில் விற்பனையானது.

1918 இல் எதிரிநாட்டுப் பரப்புரைக்கான குரூ இல்லத்தில் வெல்ஸ் சில மாதங்கள் பணியாற்றினார். ஜெர்மனிய மக்களுக்கு நேர்மையான அமைதித் திட்டம் ஒன்றை அரசு அறிவிக்க வேண்டும் என வற்புறுத்தினார். அது ஏற்கப்படாததால் விலகினார்.

உலக அரசுக் கொள்கை

போருக்குப் பின் வெல்சின் உழைப்பு பெரும்பாலும் ஒரே நோக்கத்தைச் சார்ந்ததாக இருந்தது. நாடுகளுக்கு மேலான ஓர் உலக அரசு அமையாவிடில் மனித இனம் தன்னை அழித்துக்கொள்ளும் என அவர் கருதினார். 1919 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1920 இல் நூலான வரலாற்றுச் சுருக்கம், தனித்தனி நாடுகளின் வரலாறாக அன்றி மனித இனத்தின் ஒரே வரலாறாக எழுதப்பட்டது. இலட்சக்கணக்கில் விற்பனையான இந்நூல் அவருடைய வாழ்நாளில் மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மகன் ஜார்ஜ் பிலிப், ஜூலியன் அக்சுலி ஆகியோருடன் சேர்ந்து உயிரின் அறிவியல் (1929–1930) என்னும் பெருநூலையும் எழுதினார். தரையில் பொம்மைகளுடன் விளையாடிய ஜார்ஜ் பிலிப் பின்னர் விலங்கியலாளராகி, அரச கழகத்தின் உறுப்பினரானார்.

1920 இல் லெனினையும், 1934 இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையும் ஸ்டாலினையும் வெல்ஸ் சந்தித்து உரையாடினார். 1933 முதல் 1936 வரை அனைத்துலக எழுத்தாளர் அமைப்பான பென் கழகத்தின் தலைவராக இருந்தார். 1933 இல் ஜெர்மனியில் நாட்சிகள் எரித்த நூல்களுள் இவருடையவையும் இருந்தன. நீரிழிவு நோயாளியாக இருந்த இவர், மருத்துவர் ஆர். டி. லாரன்சுடன் இணைந்து 1934 இல் இங்கிலாந்தின் நீரிழிவு நோயாளர் சங்கத்தை நிறுவினார்.

விளையாட்டைப் பற்றிய மறுமதிப்பீடு

1934 இல் வெளியான தன்வரலாற்றில் வெல்ஸ் தம் போர் விளையாட்டைப் பற்றிக் கடுமையான முடிவுக்கு வந்தார். புரோம்லி வெளிகளில் கற்பனைப் படைகளை நடத்திய சிறுவன், 1914 வரை தம்முள் வாழ்ந்து வந்ததாகவும், பொம்மைப் போர் அதன் தொடர்ச்சியே எனவும் எழுதினார். இத்தகைய சிறுபிள்ளைக் கற்பனையைக் கைவிடாமலே உயர் பொறுப்புகளுக்கு வந்தவர்களாக வின்ஸ்டன் சர்ச்சில், லியோ அமெரி, மாஸ்டர்மேன் முதலியோரை அவர் குறிப்பிட்டார். அவர்களுடைய அரசியல் பார்வை முதிராமல் போனதற்கு இதுவே காரணம் என்றார். தாம் 1916க்கும் 1920க்கும் இடையில் இந்நிலையைக் கடந்துவிட்டதாக நம்பினார். அப்போது ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்திருந்த இட்லரின் எண்ணங்களைத் தம் பதின்மூன்றாம் வயதுக் கனவுகளுடன் அவர் ஒப்பிட்டார்.

பொம்மைப் போர் உண்மைப் போருக்கு மாற்றாகும் என 1913 இல் சொன்னவர், அது உண்மைப் போரை விரும்பும் மனத்தை வளர்க்கவும் கூடும் என 1934 இல் ஐயுற்றார். இவ்விரு கருத்துகளும் போர் விளையாட்டைப் பற்றிய விவாதங்களில் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

இறுதிக் காலம்

மனைவி ஜேன் 1927 இல் புற்றுநோயால் இறந்தார். 1933 இல் வெளிவந்த வரவிருப்பவற்றின் வடிவம் என்னும் நூலில், டான்சிக் நகரை முன்னிட்டு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடையே 1940 இல் போர் தொடங்கும் என வெல்ஸ் எழுதினார். இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் தொடங்கியது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் உலகங்களின் போர் கதையைச் செய்தி அறிக்கை வடிவில் ஒலிபரப்பியபோது, கேட்டவருள் சிலர் அதை உண்மையென நம்பி அஞ்சினர்.

1914 இல் வெளியான விடுவிக்கப்பட்ட உலகம் என்னும் புதினத்தில் வெல்ஸ் அணுகுண்டு என்னும் சொல்லை ஆண்டு, அதன் அழிவையும் விவரித்திருந்தார். இயற்பியலாளர் லியோ சிலார்டு இந்நூலை 1932 இல் படித்தார். அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்கு 1933 இல் தோன்றியது. 1945 இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் அழிவைக் காணும்வரை வெல்ஸ் வாழ்ந்தார்.

போர்க்கால வான் தாக்குதல்களின்போதும் இவர் இலண்டனை விட்டு நீங்கவில்லை. 1940 இல் மனித உரிமைகள் பற்றிய நூலை வெளியிட்டு, அவற்றுக்கு உலகளாவிய சட்டம் வேண்டும் என வாதிட்டார். ஆகஸ்ட் 13, 1946 அன்று, ரீஜண்ட்ஸ் பூங்காவை அடுத்த தம் இல்லத்தில் 79 ஆம் வயதில் காலமானார். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் கடலில் தூவப்பட்டது.

போர் விளையாட்டின் தொடர்ச்சி

வெல்ஸ் கைவிட்ட விளையாட்டை மற்றவர்கள் கைவிடவில்லை. நடிகர் பீட்டர் குஷிங் சிறு போர்கள் விதிகளின்படி ஆடுவதை 1956 இல் ஒரு செய்திப்படம் காட்டியது. இவர் பின்னர் 1977 இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் நடித்தவர். இரண்டாம் உலகப் போரில் கவசப் படையில் பணிபுரிந்த டொனால்ட் பெதர்ஸ்டோன் 1962 இல் எழுதிய போர் விளையாட்டுகள் என்னும் நூல், இப்பொழுதுபோக்கை இங்கிலாந்தில் பரவச் செய்தது. காலப்போக்கில் பொம்மைப் பீரங்கியின் இடத்தைத் தாயக்கட்டையும் அளவுநாடாவும் பிடித்தன.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெப் பெரன் ஆகியோர் 1971 இல் செயின்மெயில் என்னும் சிற்றுருவப் போர் விதிகளை வெளியிட்டனர். அதிலிருந்து கைகாக்சும் டேவ் ஆர்னசனும் 1974 இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்பு விளையாட்டை உருவாக்கினர். 2004 இல் மறுபதிப்பான சிறு போர்கள் நூலுக்குக் கைகாக்ஸ் முன்னுரை எழுதினார்.

1987 இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹாமர் 40,000, வெல்சின் இரு துறைகளையும் ஒன்றிணைத்தது எனலாம். அறிவியல் புனைகதையின் வேற்றுலக உயிரினங்களும் கவச வீரர்களும் நடக்கும் இயந்திரங்களும் இதில் மேசைப் போர்க்களத்தில் மோதுகின்றன. வெல்சின் காலத்துப் பொம்மைகள் வண்ணத்துடன் விற்கப்பட்டன. இவையோ பெரும்பாலும் வண்ணமின்றி, பகுதிகளாக வருகின்றன. வாங்குபவர் பகுதிகளை ஒட்டி, அடிப்பூச்சு இட்டு, நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டி, நீர்த்த கருநிற மை ஓடவிட்டு மடிப்புகளை எடுத்துக்காட்ட வேண்டும். ஒரு படையை முடிக்கப் பல மாதங்கள் ஆகும். போர் ஓர் இரவில் முடிந்துவிடும். வீழ்ந்த சிற்றுருவங்கள் பெட்டிக்குத் திரும்பி, அடுத்த வாரம் மீண்டும் நிற்கின்றன.

முக்கிய நூல்கள்

- கால இயந்திரம் (1895)
- டாக்டர் மோரோவின் தீவு (1896)
- கண்ணுக்குப் புலப்படாத மனிதன் (1897)
- உலகங்களின் போர் (1898)
- நிலவில் முதல் மனிதர்கள் (1901)
- கிப்ஸ் (1905)
- வான்வெளியில் போர் (1908)
- மிஸ்டர் பாலியின் வரலாறு (1910)
- தரை விளையாட்டுகள் (1911)
- சிறு போர்கள் (1913)
- விடுவிக்கப்பட்ட உலகம் (1914)
- மிஸ்டர் பிரிட்லிங் (1916)
- வரலாற்றுச் சுருக்கம் (1920)
- வரவிருப்பவற்றின் வடிவம் (1933)
- தன்வரலாற்றில் ஒரு சோதனை (1934)